அந்தமானுக்கு ஐந்து இரவுகள்: படகுச் சீட்டிலிருந்து தொடங்க வேண்டிய திட்டம்

நவம்பர் கடைசி வாரத்தில் அம்மா, மனைவி, பத்து வயது மகள் ஆகியோருடன் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சென்றிருந்தேன். கடைசி நாள் காலையில் நீல் தீவின் ஜெட்டியில் (படகுத் துறையில்) பெட்டிகளோடு வரிசையில் நின்றபோது, சீட்டுச் சாளரத்தின் கண்ணாடியில் ஊழியர் ஒருவர் ஒரு தாளை ஒட்டிவிட்டு உள்ளே போனார். பலத்த காற்றின் காரணமாக அன்றைய படகுகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன என்பதே அதில் இருந்த செய்தி. எங்கள் விமானமோ அன்று பிற்பகல் போர்ட் பிளேரிலிருந்து புறப்பட இருந்தது. படகுக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. ஆனால், நான்கு பேருக்கும் புதிய விமானச் சீட்டு எடுக்க 38,000 ரூபாய் செலவாயிற்று. இதில் படகு நிறுவனத்தின் குற்றம் எதுவும் இல்லை. கடல் பயணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, அதைப் பேருந்துப் பயணம் போல எண்ணித் திட்டமிட்டது என் பிழை. அந்தப் பிழையை நீங்கள் செய்யாதிருக்கவும், முதன்முறை செல்வோர் வழக்கமாகத் தடுமாறும் மற்ற இடங்களை முன்கூட்டியே அறிந்துகொள்ளவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே குறுகிய பயணத்துக்கு ஏற்றது. குறிப்பாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பதால் படகுகள் நிறுத்தப்படுவது குறைவு. நீருக்கடியில் பார்வையும் தெளிவாக இருக்கும். வெயில் சற்றுக் கடுமையாக இருந்தாலும் சென்னைவாசிகளுக்கு அது புதிதன்று. மே பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் படகுப் போக்குவரத்தை எந்த நாளும் நிறுத்தக்கூடும். கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டிய இரு வாரங்களில் விமானம், படகு, அறை என எல்லாவற்றின் விலையும் ஏறிவிடும் என்பதால், பள்ளி விடுமுறைக் கட்டாயம் இல்லாதவர்கள் அந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது.

2. ஊர்ப் பெயர்களில் குழம்பாதீர்கள்

இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும் சீட்டு எடுக்கும்போது பலரையும் திகைக்க வைக்கிறது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷகீத் தீவு என்றும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் மாற்றம் பெற்றன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. சில இணையதளங்களில் பழைய பெயரும் சிலவற்றில் புதிய பெயரும் இருக்கும். ஆட்டோ ஓட்டுநர்கள் பெரும்பாலும் பழைய பெயர்களையே சொல்கிறார்கள். எனவே இந்தக் கட்டுரையிலும் பழைய பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

3. ஆவணங்களை எடுத்து வையுங்கள்

இந்தியக் குடிமக்கள் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய இடங்களுக்குச் செல்லத் தனி அனுமதி எதுவும் பெற வேண்டியதில்லை. நிக்கோபார் தீவுகள் பழங்குடியினர் பகுதி என்பதால் சுற்றுலாவுக்குத் திறக்கப்படவில்லை. அங்கே அழைத்துச் செல்வதாக யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட, ஆதார் அட்டை அல்லது கடவுச்சீட்டு அசலாகக் கையில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு வாக்காளர் அடையாள அட்டையும் போதும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் விடுதிகள் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு நகல்கள் எடுத்து, ஒரு நெகிழிக் கோப்புக்குள் போட்டுக் கைப்பையில் வையுங்கள்; பெட்டிக்குள் வைத்தால் ஜெட்டியில் வரிசையில் நின்றபடியே பெட்டியைத் திறக்க நேரிடும். படகுச் சீட்டில் உள்ள பெயரும் வயதும் அட்டையில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். அம்மாவின் அட்டையில் பெயருக்குப் பின் தலைப்பெழுத்தும் சீட்டில் பெயருக்கு முன் தலைப்பெழுத்தும் இருந்ததால் ஜெட்டி வாயிலில் எங்களைச் சற்று நேரம் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வரும் என்பதால் அட்டையைப் பார்த்தே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் உங்களோடு வருவதாக இருந்தால், அவர் போர்ட் பிளேர் வந்திறங்கியவுடன் விமான நிலையக் குடிவரவு மேசையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்காகத் தரப்படும் தாளின் நகல்களைப் பயணம் முடியும்வரை அவர் கையில் வைத்திருப்பது நல்லது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க விரும்புவோர் ஓட்டுநர் உரிமத்தை மறக்க வேண்டாம்.

4. விமானச் சீட்டு

சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். அதிகாலை விமானத்தைத் தேர்ந்தெடுத்தால் முதல் நாள் முழுமையாகக் கையில் கிடைக்கும். ஒன்றரை, இரண்டு மாதங்களுக்கு முன்பே எடுத்தால் ஆளுக்குப் போக வர 10,000 முதல் 14,000 ரூபாய்க்குள் அமையும். கடைசி வாரத்தில் எடுத்தால் அது இரட்டிப்பாவதும் உண்டு.

சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலும் உண்டு. ஆனால் அது சேர மூன்று நாள்கள் ஆகும். புறப்படும் தேதிகளும் சீராக இருப்பதில்லை. ஒரு வாரத்துக்குள் திரும்ப வேண்டியவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது.

5. அறைக்கு முன் படகுச் சீட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். விமானச் சீட்டு உறுதியான அன்றே படகுச் சீட்டை எடுங்கள். அதன் பிறகே அறைகளைப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலோர் அழகான அறையை முதலில் பிடித்துவிட்டு, அதற்கு ஏற்ற நேரத்தில் படகு கிடைக்காமல் பிறகு அல்லல்படுகிறார்கள்.

படகுகள் இரு வகை. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன், ஐடிடி மெஜஸ்டிக் போன்ற தனியார் படகுகள் போர்ட் பிளேரில் ஹேடோ துறையிலிருந்து புறப்படுகின்றன. ஹேவ்லாக் செல்ல ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். இருக்கை வகுப்பைப் பொறுத்து ஆளுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 2,500 ரூபாய் வரை கட்டணம். அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து புறப்படும். கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆனால் அவற்றின் முன்பதிவு பயணத்துக்குச் சில நாள்கள் முன்புதான் திறக்கும். அன்றாடத் தேவைக்காகப் பயணம் செய்யும் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட. நாள்கள் குறைவாக உள்ள சுற்றுலாப் பயணி அரசுப் படகை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது. இரண்டு துறைகளும் வேறு வேறு இடங்கள் என்பதை ஆட்டோவில் ஏறும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "ஜெட்டிக்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் தவறான துறையில் கொண்டு இறக்கிவிடக்கூடும்.

மூன்று பயணங்களுக்குச் சீட்டு வேண்டும்: போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், ஹேவ்லாக்கிலிருந்து நீல், நீலிலிருந்து போர்ட் பிளேர். இடையில் உள்ள ஹேவ்லாக்–நீல் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காலைப் படகைத் தேர்ந்தெடுங்கள். காலையில் கடல் சற்று அடங்கியிருக்கும் என்பது ஒரு காரணம். காலைப் படகு நின்றுபோனாலும் பிற்பகல் படகில் இடம் கேட்க வாய்ப்பு இருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முகவர் மூலம் மொத்தமாகப் பணம் கட்டிச் செல்வோர், 'படகுக் கட்டணம் உட்பட' என்ற சொற்களோடு நிறைவடையாமல், படகின் பெயர், வகுப்பு, புறப்படும் நேரம், சீட்டு எண் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு முதலில் விடுதி உறுதிச் சீட்டுகள் மட்டுமே வந்தன. படகுச் சீட்டைக் கேட்டபோதெல்லாம் 'ஆகிவிடும்' என்ற பதிலே கிடைத்தது. இறுதியில் நாங்கள் விரும்பிய காலை நேரம் நிரம்பிவிட்டிருந்ததால், ஹேவ்லாக்கில் ஓர் அரை நாளை இழந்தோம்.

புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டியில் இருங்கள். விமானத்துக்குப் போலவே பெட்டிகளைச் சோதித்து, அட்டையைப் பார்த்து, இருக்கை எண் தருவார்கள். வேகப் படகுகள் பெரும்பாலானவை குளிரூட்டப்பட்ட மூடிய கூடங்கள். அலை இருந்தால் நன்றாகவே ஆட்டும். குமட்டல் வரக்கூடியவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு, ஏறுவதற்கு அரை மணி முன்னதாக விழுங்கிவிடுவது நல்லது. வயிறு நிறைய உண்டுவிட்டு ஏற வேண்டாம். கடைசி வரிசைகளின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

6. இரவுகளை எப்படிப் பிரிப்பது

ஐந்து இரவுகளுக்கு நான் இப்போது பரிந்துரைப்பது இதுவே: போர்ட் பிளேரில் ஒன்று, ஹேவ்லாக்கில் இரண்டு, நீலில் ஒன்று, மீண்டும் போர்ட் பிளேரில் ஒன்று. கடைசி இரவைப் போர்ட் பிளேரில் கழிப்பதை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாங்கள் 'ஒரு இரவு கூடுதலாகக் கடற்கரையில் இருக்கலாமே' என்று நினைத்துத்தான் அந்த 38,000 ரூபாயை இழந்தோம். நான்கு இரவுகள் மட்டும் கிடைக்கும் என்றால் நீலை விட்டுவிடுங்கள். இரண்டு தீவுகளையும் ஓட்டமாய் ஓடிப் பார்ப்பதைவிட ஹேவ்லாக்கில் இரண்டு முழு நாள்கள் இருப்பது நிறைவு தரும்.

மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தமான் நம்மைவிடக் கிழக்கே மிகத் தள்ளி இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைந்து விரைவில் இருட்டிவிடும். 'மதிய உணவுக்குப் பின் ஓய்வெடுத்துவிட்டு ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போவோம்' என்ற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. காலை 6 மணிக்கே வெளியே கிளம்பிவிடுங்கள்.

7. எந்த இடம் எந்த நாள் மூடியிருக்கும்

போர்ட் பிளேரின் மானிடவியல் அருங்காட்சியகமும் சமுத்ரிகா கடற்படை அருங்காட்சியகமும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவுக்குப் புதன்கிழமை விடுமுறை. வண்டூரிலிருந்து செல்லும் ஜாலி பாய் தீவு திங்கட்கிழமை திறக்காது. மழைக்காலம் முழுவதும் மூடப்பட்டு, அதற்குப் பதிலாக ரெட் ஸ்கின் தீவு திறக்கப்படும். ஜாலி பாய் செல்ல முன்னதாக அனுமதி பெற வேண்டும். நெகிழிப் பொருள்களுக்கு அங்கே கடுமையான தடை உண்டு.

விடுதலைப் போராட்ட வீரர்களை ஆங்கிலேயர் அடைத்து வைத்த செல்லுலார் சிறைக்கு முதல் நாள் பிற்பகலை ஒதுக்குங்கள். நண்பகலில் இடைவேளை விட்டுவிடுவார்கள் என்பதால் அந்த நேரத்தில் போய் வாசலில் காத்திருக்க வேண்டாம். மாலை ஒளி–ஒலிக் காட்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகிறது. விடுமுறைக் காலங்களில் இடம் நிரம்பிவிடும் என்பதால் இணையத்தில் முன்பே பதிவு செய்வது நல்லது. அம்மாவுக்கு இரு மொழியும் சரளமாக வராது. ஆகவே காட்சிக்கு முன்பாகவே, பகல் வெளிச்சத்தில், அவரைக் கொட்டடி வரிசையில் மெதுவாக நடக்க வைத்து விளக்கினோம். ஓர் அறைக்குள் போய், உயரத்தில் இருந்த சிறு சாளரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் சுவரின் குழிக்குள் எவ்வளவு தொலைவில் பதிக்கப்பட்டிருக்கிறது என்று கையை நீட்டி அளந்து பார்த்தார். கை எட்டவில்லை. பிறகு நெடுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

8. பாராடாங் செல்ல வேண்டுமா?

சுண்ணாம்புக் குகைகளைக் காட்டுவதாகப் பாராடாங் பயணத்தை ஏறத்தாழ எல்லா முகவர்களும் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு; ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்களை வரிசை கட்டி, காவலுடன், குறித்த நேரங்களில் மட்டுமே அனுப்புவார்கள். காலை 6 மணி வரிசையில் சேர அதிகாலை 3 மணிக்கெல்லாம் விடுதியை விட்டுக் கிளம்ப வேண்டும். திங்கட்கிழமைகளில் குகைகளுக்கு அனுமதி இல்லை.

அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது. அங்கே வண்டியை நிறுத்துவதும், அவர்களைப் படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். 'வழியில் பார்க்கலாம்' என்று ஆசை காட்டும் முகவரை உடனே விலக்கிவிடுங்கள். மனிதர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். ஐந்து இரவுப் பயணத்தில் முதியவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால், இந்த ஒரு நாளை விட்டுவிட்டு ராஸ் தீவையும் போர்ட் பிளேருக்குத் தெற்கே உள்ள சிடியா டாப்பு கடற்கரையின் மாலை நேரத்தையும் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து.

9. ஹேவ்லாக்கிலும் நீலிலும்

ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து ராதாநகர் கடற்கரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஸ்கூட்டர் நாளொன்றுக்கு 500 ரூபாய் அளவில் கிடைக்கும். எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள கீறல்களை உரிமையாளர் முன்னிலையிலேயே கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ராதாநகருக்குப் பிற்பகல் 3 மணிக்கே சென்றுவிட வேண்டும். கொடி நட்ட எல்லைக்குள், உயிர்காப்பாளர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் குளியுங்கள். அந்தமானின் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளை ஒட்டிய கரைகளிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் முழங்கால் அளவு நீரில்கூட இறங்க வேண்டாம்.

எலிஃபன்ட் கடற்கரைக்கு ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து சிறு படகுகள் காலையில் செல்லும். ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அதில் சிறிது நேர ஸ்நார்கெலிங்கும் (மூச்சுக்குழாயுடன் நீரில் முகத்தை வைத்து அடியில் பார்ப்பது) அடங்கும் என்றாலும், 'இன்னும் தொலைவில் கொண்டுபோய்க் காட்டுகிறோம்' என்று அங்கு போன பிறகு தனிக் கட்டணம் கேட்பார்கள். ஏறுமுன் எவ்வளவு நேரம், எதுவரை என்று கேட்டு முடிவு செய்யுங்கள். மகள் நீரில் முகத்தை வைத்தவள், பவளப் பாறையின் இடுக்கில் ஒரு கோமாளி மீன் தன் கடல் சாமந்திக்குள் நுழைந்து நுழைந்து வெளிவருவதைக் கண்டு, தலையைத் தூக்கவே மறுத்துவிட்டாள். பவளத்தின் மேல் காலை ஊன்ற வேண்டாம் என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அது உயிருள்ளது, நம் பாதத்தையும் கிழிக்கும்.

பயிற்சியாளர் துணையோடு, காற்று உருளையுடன் நீருக்கடியில் மூழ்கும் அறிமுக ஸ்கூபாவுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை; ஏறத்தாழ 4,000 ரூபாய் ஆகும். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை போன்றவற்றை உடல்நலப் படிவத்தில் மறைக்கக் கூடாது. மூழ்கி எழுந்த பின் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், விமானத்தில் ஏறாமல் இருக்க வேண்டும். ஆகவே ஸ்கூபாவை மூன்றாம் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீல் தீவின் இயற்கைப் பாலத்தை நீர் வற்றும் நேரத்தில் மட்டுமே நெருங்கிப் பார்க்க முடியும். நீர் வற்றும் நேரத்தை முந்தைய நாள் இரவே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். பாறைகளின் மேல் பாசி வழுக்கும். அம்மா ரப்பர் செருப்போடு பத்தடிகூட நடக்க முடியாமல் திரும்பிவிட்டார். பின்பக்கம் வார் உள்ள, அடிப்பகுதி பிடிப்பான செருப்பு அவசியம்.

10. பணம், தொலைபேசி, மொழி

சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் இணைக்கப்பட்ட பிறகு போர்ட் பிளேரில் இணையம் நன்றாக உள்ளது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் சில இடங்களில் கைபேசிப் பணப் பரிமாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. ஏடிஎம்கள் சில மட்டுமே இருப்பதால் அவற்றில் பணம் தீர்ந்துவிடுவதும் உண்டு. போர்ட் பிளேரிலேயே 10,000 முதல் 15,000 ரூபாய் வரை எடுத்துக்கொள்ளுங்கள். படகுச் சீட்டுகளைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.

மொழி குறித்து அஞ்ச வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். போர்ட் பிளேரில் எங்களை ஏற்றிச் சென்ற ஓட்டுநர், அம்மா பேசுவதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அவர் சொன்ன உணவகத்தில்தான் மூன்று நாள்களுக்குப் பின் அம்மா ரசம் சாதம் சாப்பிட்டார்.

11. மொத்தச் செலவு

நால்வருக்கு எங்களுக்கு ஆன கணக்கைத் தருகிறேன். புதிய விமானச் சீட்டுக்கான அந்த 38,000 ரூபாய் இதில் சேரவில்லை. விமானம் 50,000, படகுகள் 16,500, ஐந்து இரவு அறை வாடகை 20,000, உணவு 15,000, ஆட்டோ, டாக்சி, ஸ்கூட்டர் 10,000, கடல் விளையாட்டுகளும் நுழைவுக் கட்டணங்களும் 8,000. ஆக 1,19,500 ரூபாய். பருவத்தைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். இதற்கு மேல் 10 விழுக்காட்டைப் படகு நின்றுபோகும் நாளுக்கென்று தனியே ஒதுக்கி வையுங்கள். அதைத் தொடாமல் திரும்பினால் மகிழ்ச்சி.

12. திரும்பும் நாள்

சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் கடற்கரையிலிருந்து எடுத்து வராதீர்கள். பவளமும் சில சங்கு வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. விமான நிலையச் சோதனையில் கண்டால் பறிமுதல் செய்வார்கள், வழக்கும் வரலாம். கடையில் வாங்கிய சிப்பிப் பொருள் என்றால் ரசீதைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். மகள் நீல் கடற்கரையில் பொறுக்கிய ஒரு கைப்பிடிச் சிப்பிகளை, கிளம்பும் முன் ஒவ்வொன்றாக அலை விளிம்பில் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். விமானம் புறப்படுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னதாக விடுதியை விட்டு இறங்கிவிடுங்கள். நகரத்திலிருந்து விமான நிலையம் சில கிலோமீட்டர்தான் என்றாலும் பெட்டிச் சோதனை வரிசை நீளமாக இருக்கும்.